டேங்க்குக்கு மூச்சு எண்ணுன பாண்டிலட்சுமி

முதல்லயே ஒண்ணச் சொல்லிருதேன். இந்தக் கதையில வர்ற வினையில பாதி என் வாயில இருந்து கெளம்புனது. மீதிப் பாதி என் வேன் டேஷ்போர்டுக்குள்ள மூணு வருசமா கெடந்துச்சு. ஊர்ல யாரப் பத்திக் கேட்டாலும் எங்கிட்ட ஒரு சேதி இருக்கும். இது ஒண்ணுலதான் என்னப் பத்தியும் சேதி இருக்கு.

பாண்டிலட்சுமி எனக்கு மதினி முறை. அவுக புருசன் செல்லச்சாமி எனக்கு ஒண்ணுவிட்ட அண்ணன். கெணறு வெட்டப் போன எடத்துல மண்ணு சரிஞ்சு போய்ச் சேந்துட்டான். இசைவாணின்னு ஒரே மக. மதினின்னா கேலி பேசலாம், அது எங்க பக்கத்து உரிமை. நான் அந்த உரிமையத் தேவைக்கு மேலயே எடுத்துக்கிட்டவன்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு வெடியாபீஸ்ல, அதான் பட்டாசுக் கம்பெனியில, பத்தொம்பது வருசம் மதினிக்கு வேல. காலையில பவுடர் சலிப்பாக. அலுமினியப் பவுடரு, வெள்ளி மாதிரி மினுங்கும். அப்ப அந்த ஆபீஸுக்கும் நாந்தான் வேன் ஓட்டுனேன். சாயங்காலம் மதினி எறங்குன சீட்டு அம்புட்டும் பளபளன்னு இருக்கும். "மதினி, நகை எதையும் விட்டுட்டுப் போயிட்டீகளா?"ம்பேன். "ஆமா, வழிச்சு எடுத்து ஒங்க பொண்டாட்டிக்கு ஒட்டியாணம் பண்ணிப் போடுங்க கொளுந்தனாரே"ம்பாக.

மத்தியானத்துக்கு மேல திரி சோதனை. திரிக்கட்டு ஒவ்வொண்ணுலயும் ஒரு சாண் வெட்டி, வெளிய மணல் மேட்டுல வச்சு மேஸ்திரி பத்தவைப்பாரு. எரிஞ்சு முடிய எத்தன எண்ணிக்கை ஆகுதுன்னு மதினி சொல்லணும். எண்ணிக்கை கொறஞ்சா, பத்தவைக்கிறவன் கையிலயே வெடிச்சிரும். உள்ள கைக்கெடியாரம், போனு, பேட்டரி போட்ட சாமான் எதுவும் ஆகாது. அதனால மனசுக்குள்ளயே எண்ணணும். திரிப்பொகை நெஞ்சுக்குள்ள போகக்கூடாதுன்னு மூச்ச அடக்கிக்கிட்டு எண்ணுவாக. கேட்டு வாசல்ல மேஸ்திரி கெடியாரத்தோட ஒத்துப் பாத்தா ஒரு எண்ணிக்கை கூடக் கொறைய இருக்காது. மனுசிக்குள்ள பெண்டுலம் தொங்குதுன்னு நான் சொல்லித் திரிஞ்சேன்.

ஒரு நா பக்கத்து செட்டு வெடிச்சுப் போயிருச்சு. நாலு பொம்பளைக. மதினி அன்னிக்கு திரி மேட்டுல நின்னதால தப்புனாக. மறுநா வேன்ல ஏறல. நான் வீட்டு வாசல்ல ஆரன் அடிச்சா, உள்ள இருந்தே சொன்னாக: "போங்க கொளுந்தனாரே. இனிமே பவுடர் இருக்கிற வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்."

சொன்ன மாதிரியே மிதிக்கல. ஆமத்தூர்கிட்ட உயிர் உரக் கம்பெனி ஒண்ணு தொடங்குனாக. மொதலாளி அய்யாதுரை, விருதுநகர்ல பலசரக்கு யாவாரக் குடும்பம். சூடோமோனாஸ்னு வெள்ளாமைக்குப் போடுற நுண்ணுயிர், அத டேங்க்ல வளத்து டப்பாவுல அடைச்சு விக்கிறது. அந்த வேனும் எங்கைக்கே வந்துச்சு. மதினிக்கு அங்கன வேல சொல்லிவிட்டதும் நாந்தான். நல்லதும் கொஞ்சம் செஞ்சிருக்கேன், அதயும் எழுதிக்கிடுங்க.

அந்த டேங்க்கப் பத்திச் சொல்லணும். ஆள் ஒசரத்துக்கு ரெண்டு மடங்கு, பாலீஸ் போட்ட எவர்சில்வரு. உள்ள மொலாசஸ், அதான் சீனி ஆலைக் கழிவுப் பாகு, கரைச்ச தண்ணி. அடியில வளையமா ஒரு குழாய், ஓட்டை ஓட்டையா. கம்ப்ரசர்ல இருந்து காத்து அந்த ஓட்டை வழியா கொப்புளிச்சுக்கிட்டு மேல வரும். பக்கவாட்டுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதுல பாத்தா நொரையும் கொப்புளமுமா, யாரோ உள்ள இருந்து பேச வர்ற மாதிரியே இருக்கும். புளிச்ச மாவு வாசம் அடிக்கும். அந்த மாதிரி மூணு டேங்க்கு. ரெண்டாம் நம்பர் மதினி பொறுப்பு.

"கொப்புளம் வந்தா உள்ள இருக்கிறதுக்குக் காத்து கெடைச்சிருச்சுன்னு அர்த்தமில்ல அண்ணே" அப்படின்னு எழில் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. எழில் பின்னால வந்த புள்ள, இஞ்சினியரு. "கொப்புளத்துல இருக்கிற காத்து தண்ணியில கரையணும். கரைஞ்சதத்தான் அதுக குடிக்கும். எம்புட்டு வேகமாக் கரையுதுன்னு தெரிஞ்சாத்தான் டேங்க்கு நல்லாருக்கா இல்லையான்னு தெரியும்."

"அத எப்பிடிப் பாப்பா அளக்கிறது?"

"கல்யாணப் பந்தி தெரியுமில்ல? ஒரு பக்கம் பரிமாறுதாக, ஒரு பக்கம் திங்கிறாக. எலையில சோறு ஒரே அளவா நிக்கிது. எவன் எம்புட்டு வேகம்னு தெரியாது. பரிமாறுறவன கொஞ்சம் நிப்பாட்டுங்க. சோறு கொறையிற வேகத்துல திங்கிறவன் வேகம் தெரிஞ்சிரும். திரும்பப் பரிமாற விடுங்க. எலை நெறையிற வேகத்துல பரிமாறுறவன் கை வேகம் தெரிஞ்சிரும்."

அதேதான் டேங்க்கு சோதனை. கரைஞ்ச காத்து எம்புட்டுன்னு காட்ட ஒரு மீட்டர் உண்டு, அறுபதுல நிக்கும். காத்து வால்வ மூடணும். அறுபது கொறைஞ்சு முப்பதுக்கு வர எத்தன செகண்டு, எழுதணும். ஒடனே வால்வத் தெறக்கணும். முப்பது ஏறி அம்பதுக்கு வர எத்தன செகண்டு, எழுதணும். முப்பதுக்குக் கீழ விட்டா உள்ள இருக்கிறது தவிச்சுப்போகும்.

நான் மொத தடவ அதப் பாத்தன்னிக்கு வெளியில நல்ல வெயிலு, காலையில பதினொரு மணி. மதினி வால்வத் திருகுனாக. அம்புட்டு நேரம் கொதிச்சுக்கிட்டு இருந்த டேங்க்கு சட்டுனு அடங்கிருச்சு. கண்ணாடிக்குப் பின்னால நொரை மெதுவா எறங்குச்சு. மீட்டர்ல நம்பரு மட்டும் அம்பத்தெட்டு, அம்பத்தஞ்சு, அம்பதுன்னு வழுக்குது. ஒரு சத்தம் கெடையாது. உள்ள கோடி கோடியா எதுவோ வாயத் தெறந்துக்கிட்டு நிக்கிதுன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. மதினியப் பாத்தேன். கண்ணாடியில மூக்கு ஒட்டுற மாதிரி நிக்காக. நெஞ்சு ஏறல, எறங்கல. டேங்க்குக்கு மூச்சு இல்லாத நேரம் அவுகளும் மூச்சு விடல. திரி மேட்டுப் பழக்கம், இங்கயும் கூடவே வந்திருக்கு. வால்வத் தெறந்து டேங்க்கு கொப்புளிச்சப்பறம்தான் "ஹா"ன்னு இழுத்தாக. நானும் இழுத்தேன். அம்புட்டு நேரம் நானும் அடக்கிட்டு நின்னிருக்கேன், எனக்கே தெரியல.

"இருவத்தி நாலு. முப்பத்தி எட்டு"ன்னு ரிஜிஸ்டர்ல எழுதுனாக.

செகண்டு பாக்க ஒரு ஸ்டாப்வாட்ச் குடுத்திருந்தாக. எழிலுக்கு முன்னால இருந்த சார் குடுத்தது. மதினி அத மொத நாளே எங்கிட்டக் குடுத்துட்டாக. "கொளுந்தனாரே, இது பேட்டரி சாமான். வேன்லயே கெடக்கட்டும். அம்புட்டுப் பெரிய காத்து டேங்க்குகிட்ட இத அமுக்கச் சொல்லுதாரு, வெவரம் கெட்டவரு." பத்தொம்பது வருசம் பேட்டரி சாமானப் பாத்தா ஒதுங்குன மனுசி. கம்பெனி வாசல்ல தண்ணிக் குழாய ரெண்டு கையாலயும் தொட்டுட்டுத்தான் உள்ள நொழைவாக. வெடியாபீஸ்ல செப்புத் தகடத் தொட்டு ஒடம்புல இருக்கிற கரண்ட எறக்குற மாதிரி. அந்தச் சார் ஒரு வாரம் தன் வாட்ச்ச வச்சு ஒத்துப் பாத்தாரு. ஒரு செகண்டு மாறல. "இவுகளே வாட்ச்சு"ன்னு விட்டுட்டாரு. அவரு போயிட்டாரு, எழில் வந்துச்சு. வாட்ச்சு விசயம் அதுக்கு யாரும் சொல்லல. டேஷ்போர்டுல பீடிக்கட்டுக்கும் மாரியம்மன் படத்துக்கும் நடுவுல அது பாட்டுக்குக் கெடந்துச்சு.

ரெண்டு வருசம் ஒண்ணுமில்ல. போன வருசம் வைகாசிக்கு மேலதான் ரெண்டாம் நம்பருக்கு நோக்காடு வந்துச்சு. முப்பத்தி எட்டு நாப்பதாச்சு. நாப்பது நாப்பத்தி நாலாச்சு. அதாவது காத்து கரையிற வேகம் கொறையிது. எழில் காத்துக் குழாயக் கழட்டி ஓட்டை ஓட்டையா குத்திச் சுத்தம் பண்ணுச்சு. நாப்பத்தி ஏழு. கம்ப்ரசர் பில்டர மாத்துனாக. அம்பது. கலக்குற வெசிறிய மாத்துனாக. அம்பத்தி ரெண்டு. பக்கத்துலயே ஒண்ணாம் நம்பரும் மூணாம் நம்பரும் கல்லுக்குண்டாட்டம் ஓடுது. இது மட்டும் எளைக்கிது.

"டேங்க்குக்கு ஆஸ்துமா"ன்னேன் நான். வேன்ல எல்லாரும் சிரிச்சாக. மதினி சிரிச்சாக, சிரிக்கும்போதே இருமல் வந்து நிக்கல.

அப்பறம் ஒரு விசயம் கண்ணுல பட்டுச்சு. மதினி லீவு போடுற அன்னிக்கு எழில் சோதனை பண்ணும். அன்னிக்கெல்லாம் முப்பத்தி எட்டு. மதினி திரும்பி வந்தா மறுபடி எளைக்கும். ஒரு தடவ இல்ல, அஞ்சு தடவ. அஞ்சாந்தடவ எனக்குக் கையில முடி நட்டுக்கிருச்சு. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? டீக்கடையில சொன்னேன்: "அந்த டேங்க்கு எம் மதினியப் பாத்தா பயப்படுதுப்பா. பக்கத்து செட்டுல போன நாலு பேரும் மதினி பின்னாலயே வேன்ல ஏறி வந்துட்டாகளோ என்னமோ. இருக்கிற காத்த அவுகளும்ல குடிக்காக."

சும்மா சொன்னேன். நானே கட்டுனது. ஆனா சொல்லி முடிச்சதும் எனக்கே வேன் கண்ணாடியில பின் சீட்டப் பாக்க ஒரு மாதிரி இருந்துச்சு. ரெண்டே நாள்ல கம்பெனி பூரா அதுதான் பேச்சு. குருவம்மாள்னு ஒருத்தி, மதினிகூட ஒரே சீட்டுல ஒக்காந்து ஒரே டப்பாவுல புளிச்சோறு திங்கிறவ, ஒரு நா முன் சீட்டுக்கு வந்துட்டா. மறுநா இன்னும் ரெண்டு பேரு. கடைசியில மதினி மட்டும் பின் சீட்டுல, பக்கத்துல நாலு எடம் காலியா. எண்ணிப் பாத்தேன், சரியா நாலு.

அய்யாதுரை அண்ணாச்சி காதுக்கும் போயிருச்சு. ஆடி வெள்ளியன்னிக்கு பூசை போட்டாரு. கம்ப்ரசருக்கு எலுமிச்சம்பழம் கட்டி, பூசணிக்கா ஒடைச்சு, டேங்க்க சுத்திச் சாம்பிராணி போட்டாரு. பொகை அடங்குனதும் சோதனை. மதினி மூச்ச அடக்கி நின்னாக. கண்ணு ரெண்டும் வெளிய வர்ற மாதிரி இருந்துச்சு. "முப்பத்தி ஒம்பது... அறுவத்தி மூணு"ன்னாக. அதுவரைக்கும் அம்புட்டு மோசமா வந்ததே இல்ல. சாம்பிராணி போட்டதுக்கு டேங்க்கு கோவிச்சுக்கிட்ட மாதிரி இருந்துச்சு. பொம்பளைக ஒவ்வொருத்தரா வெளிய நழுவிட்டாக.

அண்ணாச்சி எலுமிச்சம்பழத்தையே பாத்துக்கிட்டு சொன்னாரு: "இந்தா பாரும்மா, ஒம்மேல எனக்குக் கோவம் கெடையாது. ஆவணி ஒண்ணுல இருந்து வரவேணாம். டேங்க்கையும் ஒரு பார்ட்டி கேக்கான், தள்ளி விட்டுருதேன்."

சாயங்காலம் வேன்ல எல்லாரும் எறங்குனப்பறம் மதினி எறங்கல.

"கொளுந்தனாரே, வெடியாபீஸ்ல இருந்து ஆள் வந்துச்சு. தீவாளி சீசன், ஆள் பத்தலையாம். ஒக்காந்து திரி சொருகுற வேலதானாம். இது போச்சுன்னா அங்கதான். இசைவாணிக்கு நர்சிங்கு இன்னும் ஒரு வருசம் கெடக்கு."

"பவுடர் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னீக?"

"மிதிக்கத்தான் சொல்லுதாக எல்லாரும் சேந்து." கொஞ்ச நேரம் மூச்சு வாங்குனாக. "எவனோ நாலு பேய என் பின்னால ஏத்தி விட்டிருக்கான். யாருன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

நான் வைப்பர ஒரு தடவ போட்டு நிப்பாட்டுனேன். மழை கெடையாது. "தெரியல மதினி"ன்னேன்.

மறுநா காலையில எழில் ரிஜிஸ்டரத் தூக்கிட்டு டேங்க்குகிட்ட வந்துச்சு. ராத்திரி பூரா ஒறங்கல போல, கண்ணு செவந்திருந்துச்சு. நான் டப்பா லோடு ஏத்திக்கிட்டு நின்னேன்.

"அக்கா, ஒண்ணு எனக்குப் புரியல. பரிமாறுறவன் எளைச்சுட்டான்னு வச்சுக்கிடுவோம். அப்ப எலையில சோறு கொறைஞ்சுல்ல நிக்கணும்? மீட்டரு அன்னிக்கும் அறுபது, இன்னிக்கும் அறுபது. டப்பாவுல ஏறுற சரக்கும் அதே தரம். அது போகட்டும். இருவத்தி நாலு முப்பத்தி ஒம்பதாயிருக்கு. முப்பத்தி எட்டு அறுவத்தி மூணாயிருக்கு. திங்கிறவனும் பரிமாறுறவனும் சொல்லி வச்ச மாதிரி ஒரே பங்குல எளைப்பானா?" அது எங்கள மாறி மாறிப் பாத்துச்சு. "அப்பிடி எளைக்க மாட்டான். மாறுனது கெடியாரம். வாட்ச் எங்க அக்கா?"

மதினி என்னப் பாத்தாக. நான் லோடக் கீழ வச்சேன். டேஷ்போர்டுக்கும் டேங்க்குக்கும் நூறு அடி இருக்கும். அன்னிக்கு அந்த நூறு அடி நடந்தது எனக்கு இன்னும் முடியல. ஒட்டுன பிளாஸ்டிக் கவரக்கூடப் பிரிக்காத வாட்ச்சு. பொம்பளைக எல்லாரும் பாக்காக. கொண்டு போய்க் குடுத்தேன்.

எழில் கவரக் கிழிச்சு அமுக்கிப் பாத்துச்சு. பேட்டரி செத்துப்போயிருந்துச்சு. தன் போன்ல வாட்ச்சத் தொறந்துக்கிட்டு, "எப்பவும் போல எண்ணுங்க. நானும் பாக்குதேன்"னுச்சு.

வால்வு மூடுனாக. சத்தம் அடங்குச்சு. மதினி மூச்சு அடங்குச்சு. இந்தத் தடவ நான் மீட்டரப் பாக்கல, மதினி கழுத்தப் பாத்தேன். அங்கன ஒரு நரம்பு, கூட்டுக்குள்ள சிக்குன கோழிக்குஞ்சு மாதிரி வெடுக்கு வெடுக்குன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அம்புட்டு வேகத்த மனுசக் கழுத்துல நான் பாத்ததில்ல. முப்பது வந்துச்சு. வால்வத் தெறந்தாக. அம்பது வந்துச்சு. மதினி குழாயப் பிடிச்சுக்கிட்டு இழுத்து இழுத்துச் சொன்னாக: "முப்பத்தி ஏழு. அறுவது."

எழில் போனத் திருப்பிக் காட்டுச்சு. இருவத்தி நாலு. முப்பத்தி எட்டு.

நான் மொதல்ல சிரிச்சுட்டேன். "அட, பேயும் இல்ல பிசாசும் இல்ல, மதினி கணக்குத்தான் கூடிப்போச்சா!" குருவம்மாளும் சிரிச்சா. எழில் சிரிக்கல. ரிஜிஸ்டரப் பின்னால இருந்து முன்னால பெரட்டிக்கிட்டே வந்துச்சு. முப்பத்தி எட்டு, நாப்பது, நாப்பத்தி நாலு, நாப்பத்தி ஏழு, அம்பது. வெரலு ஒவ்வொரு பக்கத்துலயும் நின்னு நின்னு வந்துச்சு. சாம்பிராணி போட்ட அன்னிக்கு அறுவத்தி மூணு, அதுல ரொம்ப நேரம் நின்னுச்சு.

"டேங்க்கு நல்லாத்தான் இருக்கு" அப்படின்னுச்சு மெதுவா. "டேங்க்கு எப்பவும் நல்லாத்தான் இருந்திருக்கு. இது டேங்க்கு ரிஜிஸ்டரே இல்ல. பதினாலு மாசமா இதுல எழுதியிருக்கிறது அக்கா மூச்சு."

அப்பதான் எங்களுக்கு ஒறைச்சுது. மூச்சு பத்தாத ஒடம்புல நாடி ஓடும்ல? நாடி ஓடுனா உள்ள இருக்கிற பெண்டுலமும் ஓடும். அவுக ஒரு செகண்டு எண்ணுற எடத்துல ஒண்ணரை எண்ணிருக்காக. கம்பெனி பூராச் சேந்து டேங்க்குக்குப் பில்டர் மாத்தி, குழாய் குத்தி, பூசணிக்கா ஒடைச்சுருக்கோம். பக்கத்துல நின்ன மனுசி எளைச்சுக்கிட்டே வந்திருக்கா. அத அவுக கையாலயே, தேதி போட்டு, தெனம் நமக்கு எழுதிக் காட்டியிருக்காக.

சிரிச்ச குருவம்மாள் முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டா.

கொரோனாவுல வாங்குன வெரல் கிளிப்பு ஆபீஸ்ல கெடந்துச்சு. எழில் ஓடிப்போய் எடுத்துட்டு வந்து மதினி வெரல்ல மாட்டுச்சு. டேங்க்குல ஒரு மீட்டரு, வெரல்ல ஒரு மீட்டரு. டேங்க்கு மீட்டரு ஏறி அறுபதுல போய் நின்னுச்சு. வெரல் மீட்டரு எண்பத்தி மூணுல இருந்து ஏறவே இல்ல. எனக்குக் கணக்குத் தெரியாது, எண்பத்தி மூணு பெருசுதானேன்னு கேட்டேன். "தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருக்கணும் அண்ணே. நீங்க வேன எடுங்க"ன்னுச்சு.

பெரியாஸ்பத்திரியில படம் எடுத்தாக. டாக்டர் படத்த வெளிச்சத்துல வச்சாரு. கருப்பா இருக்க வேண்டிய நொரையீரல் ரெண்டும் வெள்ள வெள்ளையா, கோலப்பொடி தூவுன மாதிரி. "பவுடர்ல எத்தன வருசம் இருந்தீங்க?"ன்னாரு. யாரும் சொல்லாமலே கேட்டாரு. "தழும்பாயிருச்சும்மா. இது திரும்பாது. இருக்கிறத வச்சு ஓட்டணும். பவுடர் பக்கம் திரும்பப் போனா இருக்கிறதும் போயிரும்."

வேன்ல திரும்பி வரும்போது மதினி முன் சீட்டுல ஒக்காந்தாக. ஆலங்குளம் போற ஒரு சிமெண்டு லாரி முன்னால புழுதி கெளப்பிக்கிட்டுப் போச்சு, கண்ணாடிய ஏத்திவிட்டேன்.

"பவுடர விட்டுட்டு வந்தேன்னு நெனச்சேன்"னாக. "அது எனக்கு முன்னாலயே வேன்ல ஏறி ஒக்காந்திருக்கு."

எனக்குத் தாங்கல. "மதினி, அந்த நாலு பேய கெளப்பி விட்டது..."

"தெரியும். இந்த வேன்ல வேற எவனுக்கு அம்புட்டு வாய்?"

வீட்டுக்கு ஒரு மிசினு வந்துச்சு. அறைக் காத்தவே உறிஞ்சி, அதுல இருக்கிற ஆக்சிஜனப் பிரிச்சு மூக்குக்குக் குடுக்கிற மிசினு. பக்கத்துல ஒரு சின்ன பாட்டில், பாதி தண்ணி. காத்து அந்தத் தண்ணி வழியாக் கொப்புளிச்சுட்டுத்தான் குழாய்க்குப் போகும். மொத நாள் அதப் போட்டதும் மதினி திடுக்குனு திரும்பிப் பாத்தாக. ரெண்டாம் நம்பர் சத்தம். அதே சத்தம், கைக்கொழந்த அளவுல.

டேங்க்க விக்கலன்னு அண்ணாச்சி சொல்லிட்டாரு. மதினி விசயத்துலதான் இழுத்தாரு. எழில் ஒரு வழி சொல்லுச்சு: "வாட்ச்ச நான் பாத்துக்கிடுதேன். ஆனா ஒங்க எண்ணிக்கை வாட்ச்சோட ஒத்து வர்ற அன்னிக்கு வாங்க. அதுதான் ஒங்க ஒடம்பு தேறுனதுக்கு அடையாளம்." வெடியாபீஸ் ஆளும் விடல, வாசல்ல வந்து நின்னு "ஒக்காந்த வேலதான்"னு கேட்டுக்கிட்டே இருந்தான். ஒத்து வந்தா ஆமத்தூரு, வரலைன்னா பவுடரு. மதினி தெனம் எண்ணிப் பழகுனாக. வாட்ச்சுக்குப் புது பேட்டரி நாந்தான் போட்டேன். ஒத்துப் பாக்குறதும் நாந்தான்.

பத்தாம் நாள் அவுக நாப்பது எண்ணுனா வாட்ச்சுல முப்பத்தி ஒம்பது. பன்னெண்டாம் நாள் நாப்பதுக்கு நாப்பது. இசைவாணி எந்திரிச்சுக் குதிச்சா. "இன்னொரு தடவ பாத்துருவோம், நாளைக்கு எழில்கிட்டச் சொல்லணும்ல?"ன்னாக மதினி. வாட்ச்ச அமுக்குனேன். அவுக கண்ண மூடுனாக.

கரண்டு போயிருச்சு.

பேன் நின்னுச்சு. மிசினு நின்னுச்சு. பாட்டில்ல கடைசிக் கொப்புளம் ஒண்ணு மேல வந்து ஒடைஞ்சு, தண்ணி அசையாம நின்னுச்சு. கரண்டு போனா எடுக்கன்னு வச்சிருந்த ஆக்சிஜன் செலிண்டரத் தெறக்க இசைவாணி ஓடுனா. மதினி கைய ஒசத்தி "சும்மா இரு"ன்னு காட்டுனாக. எண்ணிக்கிட்டே இருக்காக. ஒதடு அசையல. கழுத்து நரம்பு மட்டும் வரவர வேகமாகுது. நான் என்ன செய்யன்னு தெரியாம பாட்டில்ல இருக்கிற தண்ணியவே பாத்தேன்.

"நாப்பது"ன்னாக. கண்ணத் தெறந்தாக. "எம்புட்டு?"

வாட்ச்சுல இருவத்தாறு.

நான் ஆயுசுல எந்த நம்பரையும் உள்ளபடி சொன்னவன் இல்ல. நாப்பதுன்னு சொல்லிட்டா மதினி நாளைக்கு ஆமத்தூருக்கு வந்துருவாக. ஒரு வார்த்த. எழிலுக்கும் நாந்தான் சாட்சி. நாக்கு நுனி வரைக்கும் நாப்பது வந்துருச்சு. அந்தக் கழுத்து நரம்பு என்னையே பாக்குற மாதிரி இருந்துச்சு.

"இருவத்தாறு மதினி."

இசைவாணி செலிண்டரத் தெறந்தா. பாட்டில் கொப்புளிச்சுச்சு. மதினி அஞ்சாறு தடவ இழுத்தப்பறம் சொன்னாக: "பொய் சொல்லுவீகன்னு நெனச்சேன்."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன்."

"அப்ப கரண்டு இருக்கிற வரைக்கும்தான் நான் வாட்ச்சு" அப்படின்னு செவத்தப் பாத்துத் திரும்பிக்கிட்டாக.

மறுநா எழில்கிட்ட ரெண்டையும் சொன்னேன், நாப்பதுக்கு நாப்பதும், நாப்பதுக்கு இருவத்தாறும். அது கொஞ்ச நேரம் பேனாவக் கடிச்சுச்சு. அப்பறம் ரெண்டாம் நம்பர் கம்ப்ரசரத் திரும்பிப் பாத்துச்சு. நானும் பாத்தேன். இந்தப் பக்கம் பத்து ஊர்ல கரண்டு ஒரு நிமிசங்கூட நிக்காத ஒயரு அது ஒண்ணுதான். காத்து நின்னா டேங்க்குல அம்புட்டும் செத்துரும்னு, கரண்டு போன மூணாஞ் செகண்டு ஜெனரேட்டர் தானா எடுத்துக்கிடும்.

மதினி மிசினயும் அந்த ஒயர்லயே மாட்டலாம்னு எழில் போய்ச் சொன்னதுக்கு, "ஆஸ்பத்திரியா நடத்துதேன் நான்?"னு அண்ணாச்சி கேட்டாரு.

"நல்ல டேங்க்க விக்கப் பாத்தீங்க சார்"னுச்சு எழில். அவரு எலக்ட்ரீசியனுக்குப் போனப் போட்டாரு.

வெடியாபீஸ் ஆளுக்கு மதினி வரமாட்டாகன்னு நானே போய்ச் சொல்லிட்டு வந்தேன்.

இப்ப மதினி தெனம் வாராக. வேன்ல ஒரு செலிண்டரு அவுக மடியில கெடக்கும், குருவம்மாள் மறுபடி பக்கத்துல ஒக்காருதா. கம்பெனியில ரெண்டாம் நம்பர் கண்ணாடிக்கு நேரா ஒரு நாக்காலி. கம்ப்ரசர் ஒயர்ல இருந்தே மிசினுக்கும் லயன் எடுத்துக் குடுத்திருக்கு. டேங்க்கு ஒரு பக்கம் கொப்புளிக்கும், மதினி பாட்டில் ஒரு பக்கம் கொப்புளிக்கும். பேச்சுச் சத்தத்துல ரெண்டும் ஒரே சத்தமாக் கலந்து கெடக்கும், நாங்க மறந்துருவோம்.

பதினொரு மணிக்கு சோதனை. எழில் வாட்ச்சோட நிக்கும், மதினி நாக்காலியில இருந்தே கண்ண மூடி எண்ணுவாக. வால்வ மூடுனதும், ரெண்டு சத்தத்துல ஒண்ணு நின்னுரும். எது நின்னுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், தெனம் நடக்கிறதுதான். இருந்தாலும் டப்பா அடைக்கிறவ, மூட்டை தூக்குறவன், நான், அம்புட்டுப் பேரும் கையில இருக்கிறத அப்பிடியே வச்சுட்டு, நாக்காலிப் பக்கந்தான் திரும்பிப் பாக்கோம்.